சிவப்புக் கோட்டுக்குள்ளே தங்கம்

"கோடு விழுந்துட்டா அண்ணாச்சி?"

பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவனிடம் காய்ச்சல் காலத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டெங்கு கார்டில் ஒரு கோடு தெரிந்தால் ஆறுதல், ரெண்டு கோடு தெரிந்தால் பயம். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பது இன்று மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கோடு எதனால் ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்டுகளில் அது தங்கம். நகைக்கடையில் நாம் பார்க்கிற அதே தங்கம், கண்ணுக்கே எட்டாத அளவுக்குப் பொடிந்த துகள்களாக.

நானோ அளவில் ஒளியை வைத்து உடம்பின் மூலக்கூறுகளைக் கண்டுபிடிக்கும் உணரிகள் என்று பத்திரிகையில் படித்தால், அது எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்துச் சமாச்சாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு உணரி பல வருடமாக நம் ஊர் ஆஸ்பத்திரி மேசைகளில் கிடக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதெல்லாம் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2012 மே மாதம். நான் அப்போது கடையநல்லூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று நெல்லை மாவட்டம். கருப்பாநதியும் சிற்றாறும் பாய்ந்து தாமிரபரணியில் போய்ச் சேரும் பூமி. குழாய்த் தண்ணீர் தினமும் வராது என்பதால் வீட்டுக்கு வீடு டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். நல்ல தண்ணீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. அந்த வருடம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு, 66 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. மாவட்டங்களில் பெரிய அடி நெல்லைக்குத்தான் விழுந்தது. தெருமுனையில் அண்டா வைத்து நிலவேம்புக் கசாயம் ஊற்றினார்கள். எங்கள் கூடத்துப் படியில் போர்வை சுற்றிய பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை கையில் ஊசி ஏறும்போது அழாத தாய், கார்டை நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும்போது அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கார்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரத்தத்தை சென்ட்ரிபியூஜில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே வெளிர் மஞ்சளாக நிற்பது சீரம். அதில் மூன்று சொட்டு எடுத்துக் கார்டின் குழியில் விடுகிறோம். பிளாஸ்டிக் உறைக்குள்ளே இருப்பது ஒரு மெல்லிய பட்டை. சொட்டு விழுந்த இடத்தை அடுத்து ஒரு சின்னத் துணித்துண்டு போன்ற பகுதியில் தங்கத் துகள்கள் காய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடி என்ற புரதங்களை ஒட்டவைத்திருப்பார்கள். டெங்கு வைரஸ் நம் உடம்புக்குள் பெருகும்போது என்எஸ்1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அதை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம் அந்த ஆன்டிபாடி.

சீரம் பட்டதும் துகள்கள் நனைந்து கிளம்பி அதோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். கார்டின் சன்னலில் இளஞ்சிவப்பாய் ஒரு நனைவு இடமிருந்து வலமாக நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். போகிற வழியில் 'டி' என்று எழுதிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு வரிசை ஆன்டிபாடியைக் கோடாகப் பூசியிருப்பார்கள். தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்எஸ்1 புரதத்தின் மறுபக்கத்தை இது பிடித்து நிறுத்திவிடும். ஒன்று, பத்து, ஆயிரம், கோடி என்று தங்கத் துகள்கள் அங்கே குவியக் குவியச் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. என்எஸ்1 இல்லாத ரத்தத்தில் துகள்கள் நிற்காமல் போய்விடும். அவை 'சி' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு, கார்டு சரியாக ஓடியது என்று மட்டும் சாட்சி சொல்லும். கர்ப்பம் பார்க்கும் கார்டும், கொரோனா காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த கிட்டும் இதே முறையில் ஓடுகிறவைதான். பிடிக்கிற புரதம் மட்டும் வேறு.

சரி, மஞ்சள் தங்கம் ஏன் சிவப்பாகத் தெரிகிறது? இந்தத் துகள்களின் குறுக்களவு ஏறக்குறைய 40 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் தலைமுடியின் பருமனே 80,000 நானோமீட்டர் வரும். இத்தனை சிறிய தங்கத் துகளின் மீது ஒளி படும்போது அதற்குள்ளே கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகின்றன. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். ஒரே கல்லில் குடைந்த தூண்கள்தான், ஆனால் பருமனுக்குத் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். அதேபோல் ஒவ்வொரு அளவுத் துகளுக்கும் அதற்கென்று ஒரு நிறத்தில்தான் அந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். கார்டில் இருக்கும் அளவுக்கு அந்த நிறம் பச்சை, அலைநீளம் 520 நானோமீட்டருக்குப் பக்கத்தில். விழுகிற வெள்ளை ஒளியிலிருந்து பச்சையைத் தங்கம் தின்றுவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வந்து சேர்கிறது.

மைக்கேல் ஃபாரடே 1857இலேயே லண்டனில் இப்படிச் சிவப்பான தங்கக் கரைசலைத் தயாரித்து, மிக நுண்ணிய தங்கத் துகள்களால்தான் அந்த நிறம் என்று சொல்லிவிட்டார். அவர் தயாரித்த கரைசல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் மாறாமல் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறு வருடங்களுக்கு முன்பு தோண்டி எடுத்த தங்க நெற்றிப்பட்டங்களும் அப்படித்தான். மண்ணுக்குள் எத்தனையோ நூற்றாண்டு கிடந்தும் தங்கம் தங்கமாகவே வெளியே வந்தது. ரத்தம் பட்டாலும் உப்புத் தண்ணீர் பட்டாலும் துருப்பிடிக்காத இந்தக் குணம்தான் அதைப் பரிசோதனைக் கார்டுக்குள் கொண்டுவந்து வைத்தது.

என் அண்ணன் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது அவள் கல்லூரி ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்தேன். துர்கெவிச் என்ற விஞ்ஞானி 1951இல் சொன்ன முறை அது. தங்கக் குளோரைடு கரைத்த தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் சிட்ரேட் உப்பைக் கலக்க வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் நிறமே இல்லாமல் போனது. பிறகு மழை மேகம் போலக் கருநீலம் கட்டியது. அப்புறம் யாரும் எதுவும் செய்யாமலேயே மாதுளைச் சாற்று நிறத்துக்கு வந்து நின்றது.

"இப்ப பாருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு சின்னக் குப்பியில் அந்தச் சிவப்பை ஊற்றி, மேலே சில சொட்டு உப்புத் தண்ணீர் விட்டாள். கண் எதிரே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமானது. துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளி நின்றதுவரை சிவப்பு. உப்பு அந்த விலக்கத்தைக் கெடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, உடனே அவை தின்னும் நிறமும் மாறிவிட்டது. அமெரிக்காவில் சாட் மிர்கினும் அவருடைய குழுவினரும் 1996இல் தொடங்கி இதைத்தான் டிஎன்ஏ கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார்கள். உப்புக்குப் பதிலாகத் தேடுகிற டிஎன்ஏ இழையே துகள்களைச் சேர்த்துக் கட்டும், கரைசல் நிறம் மாறும். நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2000களின் தொடக்கத்தில் தண்ணீரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கத் தங்கத் துகள்களின் நிறமாற்றத்தைப் பயன்படுத்தியிருக்கிறது.

இனி, கார்டு கைவிடும் இடத்துக்கு வருகிறேன். மனசுக்குள் அதிகம் உறுத்துவதும் இதுதான்.

பளிச்சென்று விழும் கோட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை. விழுந்தும் விழாததுமாக நிற்கும் கோடுதான் பிரச்சினை. கார்டைச் சாய்த்துப் பார்ப்போம், சன்னல் பக்கம் கொண்டுபோவோம், பக்கத்தில் இருப்பவரை அழைத்துக் காட்டுவோம். ஒருவர் இருக்கிறது என்பார், ஒருவர் இல்லை என்பார். பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் பட்டை காயும்போது தானாகவே ஒரு சாயல் கோடு தெரியக்கூடும், அதை நம்பக் கூடாது. இத்தனை நுட்பமான உணரியின் கடைசித் தீர்ப்பு, காலையிலிருந்து கண் வலிக்க உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய கண்ணில் போய் நிற்கிறது.

கோடு விழவில்லை என்றால் டெங்கு இல்லை என்று பலரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது ஆபத்து. என்எஸ்1 புரதம் காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில்தான் ரத்தத்தில் நிறைய இருக்கும், ஒரு வாரம் ஆவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். நாலைந்து நாளுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு, உடம்பு எதிர்த்து உண்டாக்கும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைதான் சரி. இன்னொன்றும் உண்டு. ஒருமுறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு வைரஸ் இரண்டாம் முறை வந்தால், பழைய ஆன்டிபாடிகள் விரைவாகப் பெருகி என்எஸ்1 புரதத்தைச் சூழ்ந்து மூடிக்கொள்ளும். கார்டின் ஆன்டிபாடி பிடிக்க இடமில்லாமல் போய்விடும். இரண்டாம் முறை வரும் டெங்குதான் உயிருக்கு அதிக ஆபத்தானது. மிகவும் தேவைப்படும் நோயாளியிடம் கார்டு தடுமாறுகிறது. அதனால்தான் அரசு கார்டை மட்டும் வைத்து உறுதிசெய்வதில்லை; எலைசா என்ற ஆய்வக முறையைக் கேட்கிறது. அதற்குப் பல மணி நேரமும், அதற்கான கருவியும், பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் அது நடக்கும். காரையாறு அணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் காணி மக்களின் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவருகிறவர்களுக்கு ஹைகிரவுண்டு பக்கத்தில் இல்லை.

கண்ணை நம்பாமல் ஒளியை எண்ணாக அளக்க முடியாதா? முடியும் என்று 1983இலேயே ஸ்வீடனில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் காட்டினார்கள். இன்று இந்த முறைக் கருவிகளில் கண்ணாடியின் மேல் ஏறத்தாழ 50 நானோமீட்டர் கனத்தில் தங்கப் பூச்சு இருக்கும். அடியிலிருந்து ஒளியைச் செலுத்தினால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அது திரும்பி வராமல் தங்கத்தின் எலக்ட்ரான்களுக்குள் போய்விடும். தங்கத்தின் மேல்பக்கத்தில் ஒரு புரதம் வந்து ஒட்டினாலே அந்தக் கோணம் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை அளந்தால் எவ்வளவு ஒட்டியது, எத்தனை வேகத்தில் ஒட்டியது என்று எண்ணாகவே சொல்லலாம். சாயமோ துகளோ எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. மருந்துக் கம்பெனிகளின் ஆய்வகங்களில் இந்தக் கருவி இன்று சாதாரணம். விலை மட்டும் நம்மைப் போன்ற கூடங்களுக்கு எட்டாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதன் வேர் நம் மண்ணில். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ஊர் இன்று விருதுநகர் மாவட்டம், அன்று திருநெல்வேலி மாவட்டம். திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி, பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனிடம். 1928 பிப்ரவரியில் இருவரும் சூரிய ஒளியை வடிகட்டித் திரவங்களுக்குள் செலுத்தி, சிதறி வரும் ஒளியில் புதிதாக வேறொரு நிறம் கலந்திருப்பதைக் கண்டார்கள். ஏறத்தாழ 60 திரவங்களில் சோதித்ததாக அந்த மார்ச் 31இல் 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் குறிப்பு வந்தது. முதலில் அதைக் கண்டது இருட்டுக்குப் பழக்கிய கண்ணால்தான். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு. கிருஷ்ணன் பிற்பாடு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நெல்லைச் சீமையின் பெருமைகளைச் சொல்கிறவர்கள் இவருடைய பெயரையும் முன்வரிசையில் வைக்க வேண்டும். நாம் வைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ராமன் விளைவில் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய நிற மாற்றங்களோடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விரல் ரேகைபோல ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இராது. ஆனால் ஒரு கோடி ஒளித்துகள் போனால் ஏறத்தாழ ஒன்றுதான் அப்படி மாறி வரும். ரத்தத்தில் இருக்கும் சொற்பப் புரதத்தை அதைக் கொண்டு பிடிப்பது எப்படி? 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் ஃபிளைஷ்மனும் கூட்டாளிகளும் சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒட்டிய பிரிடின் என்ற பொருளிலிருந்து அதிசயிக்கும் அளவுக்குப் பலமான ராமன் ஒளியைப் பார்த்தார்கள். உலோகத்தின் நானோ மேடுகளுக்குள் எலக்ட்ரான்கள் ஆடும் ஆட்டம் அங்கே ஒளியைப் பல லட்சம் மடங்கு பெருக்குகிறது என்று பிறகு விளங்கியது. இரண்டு துகள்களுக்கு நடுவே இருக்கும் சில நானோமீட்டர் சந்தில் பெருக்கம் இன்னும் உச்சம். 1997இல் ஒற்றை மூலக்கூறிலிருந்தே ராமன் ஒளியைப் பிடித்துவிட்டார்கள். நம் கார்டில் ஓடும் அதே தங்கத் துகளின் மேல் ஒரு ராமன் சாயத்தையும் பூசி, கோட்டைக் கண்ணுக்குப் பதிலாக லேசர் கொண்டு படிக்கும் பட்டைகளை ஆய்வகங்களில் செய்துபார்த்து வருகிறார்கள். கண்ணுக்குக் கோடே தெரியாத இடத்திலும் அவை எண் காட்டும்.

பின்னே ஏன் இன்னும் நம் மேசைக்கு வரவில்லை? முதல் காரணம் ரத்தம். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் ஆல்புமின் என்ற ஒரே ஒரு புரதம் மட்டும் 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், அதாவது நாலு கோடி நானோகிராம். என்எஸ்1 சிலருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஆல்புமின் தானாகவே போய்த் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். உணரி இதையும் என்எஸ்1 என்று எண்ணிவிடக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கலந்த புரதத்தைக் கண்டுபிடித்தோம் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, நோயாளியின் ரத்தத்தில் பார்த்தார்களா என்பதைத்தான். இரண்டாவது, ஒரு தொகுதியில் செய்த துகளும் அடுத்த தொகுதியில் செய்த துகளும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ராமன் ஒளிக்குச் சந்தின் அகலத்தில் ஒரு நானோமீட்டர் மாறினாலே எண் எங்கோ போய்விடும்.

மூன்றாவது நம் வெயில். என்னிடம் வரும் கிட்டுகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை 40 டிகிரியை ஒட்டி நிற்கும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி புரதம், சூட்டில் குலைந்துவிடும். சென்னையிலிருந்து வேனில் வரும் வழியிலும், கரண்ட் போன மதியங்களிலும் ஒரு கார்டு என்ன பாடுபட்டது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

லேசரையும் ராமனையும் பற்றி இத்தனை சொன்ன பிறகும், நம் ஊருக்கு முதலில் வர வேண்டியது அவை என்று நான் சொல்லமாட்டேன். கையில் இருக்கும் கார்டையே எண்ணாகப் படிக்கும் எளிய கருவி முதலில் வரட்டும். கடையநல்லூரில் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அதே 2012இல் லாஸ் ஏஞ்சலஸில் அய்டோகன் ஒஸ்கானின் குழு, செல்போன் கேமராவில் மாட்டிக் கார்டுக் கோட்டைப் படிக்கும் சிறு கருவியைச் செய்துகாட்டியது. 2020இல் நம் நாட்டில் சிஎஸ்ஐஆரின் மரபணு ஆய்வகமான ஐஜிஐபி, கொரோனாவுக்கு 'ஃபெலுடா' என்ற காகிதப் பட்டைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. சத்யஜித் ராயின் துப்பறியும் நாயகன் பெயர் அது. வைரஸின் மரபணுவையே தேடும் நுட்பம், ஆனால் முடிவைச் சொன்னது அதே தங்கத் துகள் கோடுதான். எண் கிடைத்தால் மருத்துவர் கேட்கும் கேள்வியே மாறும். டெங்கு உண்டா இல்லையா என்பதோடு நிற்காமல், நேற்றைக்கு இன்று என்எஸ்1 ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்கலாம். யாரை இப்போதே ஹைகிரவுண்டுக்கு அனுப்புவது, யாரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே படுக்கவைத்துப் பார்ப்பது என்று நேரத்தோடு முடிவெடுக்கலாம்.

இதற்கு வேண்டிய ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி, நடுவில் டவுன் பஸ் தூரம். தொடக்கத்துக்கு ஒரு வேலையை நானே சொல்கிறேன். ஒரே தொகுதிக் கார்டுகளைப் பாதி ஃபிரிட்ஜிலும் பாதி மே மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழேயும் வைத்து, ஒரே சீரத்தை இரண்டிலும் ஓட்டி, விழுகிற கோட்டைச் செல்போன் கேமராவில் வாரா வாரம் அளக்க வேண்டும். கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். எந்த வாரம் கோடு வெளிறத் தொடங்குகிறது என்று தெரிந்தால், மலையடிவாரத்து ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கார்டுப் பெட்டியின் மேல் அந்தத் தேதியை எழுதி ஒட்டிவிடலாம்.